விளக்கு வைக்கிற தூரம்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் கோவிந்தப்பனிடம் போய் "பஸ் வருமா?" என்று கேட்டவர் யாரும் "வரும்" என்ற ஒற்றை வார்த்தையோடு தப்பித்துப் போனதில்லை.

"ஆறேகாலுக்கு ஓசூர விட்டிருப்பான். மணிக்கு முப்பது மைலு, நிமிசத்துக்கு அரை மைலு. இப்ப ஏழு ஆவ பத்து நிமிசம். ஓடினது முப்பத்தஞ்சு நிமிசம். ஆக, பதினேழரை மைலு. சூளகிரி தாண்டிட்டான். நீ போயி ஒரு காப்பி குடிச்சிட்டு வா, சரியா இருக்கும்."

கேட்டவன் காப்பி குடித்துவிட்டு வருவான். பல நாள் பஸ்ஸும் சொன்னபடி வந்து நிற்கும். சில நாள் குருபரப்பள்ளிப் பக்கம் மூடியைத் திறந்து போட்டுக்கொண்டு ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அப்போதும் கோவிந்தப்பன் அசர மாட்டார். "கணக்கு வந்துடுச்சு, வண்டிதான் இன்னும் வரல" என்பார். இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு முகத்தில் சிரிப்பில்லாமல் நிற்க அவரால்தான் முடியும்.

அவர் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஏஜெண்டு. ஊர் பேரைச் சொல்லிக் கூவி ஆள் ஏற்றுவது, கூடைகளை மேலே போட்டுக் கயிறு கட்டுவது, கர்ப்பிணிப் பெண் வந்தால் யாரையாவது அதட்டி எழுப்பி இடம் வாங்கித் தருவது எல்லாம் அவர் வேலை. கிருஷ்ணகிரியில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சிமெண்டு லாரிகள் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவற்றின் வேகத்தையும் அவர் சும்மா விடுவதில்லை.

இந்த வியாதி அவருக்கு வந்தது கம்பெனி புது வண்டி வாங்கிய அன்றைக்கு. பழைய வண்டியில் மீட்டர் முள் எப்போதும் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடக்கும். புது வண்டியில் அது எழுந்து நின்றது. டிரைவர் நூருல்லா, "பாருங்கண்ணே, முப்பதுல நிக்குது" என்று காட்டினான். நம்ம ஆள் நம்பாமல் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மைல் கல்லுக்கு மைல் கல் பார்த்தார். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கல் வந்தது. முள் சொன்னதும் கல் சொன்னதும் ஒன்றாக இருந்ததில் அவருக்குப் பெரிய ஆனந்தம். அதிலிருந்து பஸ், லாரி, சைக்கிள், வண்ணானின் கழுதை, பெண்டாட்டி, எதையும் விடவில்லை.

"நான் கெணத்துக்குப் போறப்ப மணிக்கு மூணு மைலு, தண்ணியோட வர்றப்ப ரெண்டு மைலுன்னு சொல்றாரு. ஒரு நாளாவது அந்தக் கொடத்த வாங்கிக்கலாம்னு தோணுதா பாருங்க" என்று அவர் மனைவி சாந்தம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவளுக்குப் புருஷன் மேல் பிரியம்தான். பிரியம் இல்லாதவர்களை அவள் கேலி செய்வதில்லை.

கோவிந்தப்பனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதை அவராகத் தேடிப் போகவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் என்ன பேசுவார்கள்? மழை, மாங்காய் விலை, அதற்கப்புறம் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண். ராயக்கோட்டைக்காரர் பையனுக்குப் பெண் தேடுவதும் பர்கூர்க்காரர் பெண்ணுக்குப் பையன் தேடுவதும் அவர் காதில் ஒரே நாளில் விழும். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவார். இப்படிப் பத்துப் பதினைந்து கல்யாணம் ஆயிற்று. ஜாதகத்தில் பொய் சொல்கிற தரகர் உண்டு, நிலத்தைக் கூட்டிச் சொல்கிற தரகர் உண்டு. கோவிந்தப்பன் பொய் சொன்னார் என்று யாரும் சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அப்படிப்பட்டவரை மூன்று வருஷமாகத் தோற்கடித்துக்கொண்டிருந்தாள் மாதம்மாள்.

பழையபேட்டையை ஒட்டி மாதம்மாளுக்கும் அவள் கணவர் ராஜப்பனுக்கும் தோட்டம், கிணறு, இரண்டு ஜோடி மாடு. ஒரே மகள் காவேரி. நல்ல பெண், கலகலப்பானவள். மாப்பிள்ளைகள் வராமல் இல்லை. ஆனால் மாதம்மாள் சொத்தைக் கேட்க மாட்டாள், படிப்பைக் கேட்க மாட்டாள். அவள் கேட்பது ஒன்றுதான்: பொழுது கிளம்பும்போது வண்டி கட்டினால், மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, விளக்கு வைக்கிறதுக்குள் வீடு திரும்ப முடியுமா? அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் பல பேருக்கு இந்தக் கணக்கு இருந்தது. அதற்கு மேல் தூரத்தில் கொடுத்தால் பெண்ணைக் கிணற்றில் தள்ளியது மாதிரி என்று நினைப்பார்கள். மற்றவர்கள் நல்ல இடம் வந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். மாதம்மாள் ஒரு பர்லாங்கு விட மாட்டாள். தருமபுரிப் பக்கத்து இடம் ஒன்று இப்படிப் போயிற்று. வாணியம்பாடிப் பக்கத்து இடம் ஒன்றும் போயிற்று. கடைசியில், "இந்தத் தை தாண்டினா எந் தம்பி மகனுக்கே குடுத்துடறேன், ஆறு மைலுதான்" என்று சொல்லிவிட்டாள். அந்தத் தம்பி மகன் வெயில் முதுகில் சுட்டால்தான் எழுந்திருப்பான். காவேரிக்கு அவன் பேரைக் கேட்டாலே சோறு இறங்காது.

கோவிந்தப்பன் யோசித்தார். இந்த அம்மாள் கேட்பது தூரம் இல்லை, நேரம். நேரம் என்றால் வேகம். வேகம் என்றால் அது தம்முடைய ராஜ்யம். ஒரு நாள் தோட்டத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, உங்க வண்டி மணிக்கு எவ்வளவு போவும்?"

"எனக்கு மணியெல்லாம் தெரியாது கோவிந்தப்பா. நாழிகைன்னா சொல்லு."

"சரி, நாழிகையிலயே வர்றேன். பொழுது கெளம்பி பொழுது சாயற வரைக்கும் முப்பது நாழிகை. போக பதினஞ்சு, வர பதினஞ்சு. மாட்டு வண்டி மணிக்கு ரெண்டு மைலு. ரெண்டரை நாழிகை சேந்தா ஒரு மணி. பதினஞ்சு நாழிகைன்னா ஆறு மணி நேரம், பன்னெண்டு மைலு. உங்க கணக்குக்கு எல்லை அந்தப் பன்னெண்டு மைலு. சரியா?"

"எங்கம்மாவும் என்னைப் பன்னெண்டு மைலுக்குள்ளதான் குடுத்தாங்க" என்றாள் மாதம்மாள்.

"இப்ப பஸ்ஸுக்கு வாங்க. மணிக்கு முப்பது மைலு. ரெண்டரையால வகுத்தா நாழிகைக்குப் பன்னெண்டு. உங்க மாடு பதினஞ்சு நாழிகை நடக்கிற தூரத்த எங்க வண்டி ஒரே நாழிகையில போயிடும். வெளக்குதான முக்கியம்? மைலு இல்லியே?"

மாதம்மாள் மனசுக்குள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம், "ஆமா, வெளக்குதான்" என்றாள். கிணற்றடியில் குடத்தைத் தேய்ப்பது போல் பாவனை செய்துகொண்டிருந்த காவேரி தேய்ப்பதை நிறுத்தினாள்.

கோவிந்தப்பன் கையில் ஏற்கெனவே ஓர் இடம் தயாராக இருந்தது. ஓசூருக்கு அப்பால், பாகலூரும் தாண்டி, மைசூர் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். பையன் பெயர் முனிவேல். அவனும் மாமனும் முந்தின நாளே வந்து கிருஷ்ணகிரியில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் பெண் பார்க்க வந்தார்கள். அதனால் எத்தனை நேரம் பயணம் செய்தார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. முனிவேல் கிணற்று உருளை கிறீச்சிடுவதைக் கேட்டுவிட்டு, விளக்கெண்ணெய் கேட்டு வாங்கி அதில் விட்ட பிறகுதான் வந்து உட்கார்ந்தான். அன்று சாயங்காலம் காவேரி சாந்தம்மாவிடம், "அக்கா, எப்படியாச்சும் இத முடிச்சிரச் சொல்லு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. சாந்தம்மா அதை அப்படியே புருஷனிடம் சொன்னாள். கண் கலங்கியதையும் விடாமல் சொன்னாள்.

அடுத்தது பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீடு பார்க்கிற சடங்கு. அதை ஒரே நாளில் முடித்து, விளக்கு வைக்குமுன் திரும்ப வேண்டும். திரும்பினால் கல்யாணம். இல்லாவிட்டால் தம்பி மகன்.

இங்கேதான் கோவிந்தப்பனுக்குச் சனி பிடித்தது. கம்பெனிக் கணக்கர் அந்த மாதம்தான் அவருக்குச் சராசரி என்கிற சங்கதியைச் சொல்லிக்கொடுத்திருந்தார். வண்டி போகும்போது முப்பது மைல் வேகம், வரும்போது இருபத்தெட்டு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இருபத்தொன்பது. புது வேட்டி கட்டியவன் ஊரைச் சுற்றுவது போல அவர் இந்தச் சராசரியைக் கட்டிக்கொண்டு அலைந்தார். பஸ்ஸுக்குப் போட்டுப் பார்த்தார், ஏறக்குறைய சரியாகவே வந்தது. அதே துணிச்சலில் பயணத்துக்கும் போட்டார். பஸ்ஸில் முப்பது மைல், வேகம் முப்பது. ஓசூரிலிருந்து வண்டியில் பத்து மைல், வேகம் இரண்டு. முப்பதும் இரண்டும் முப்பத்திரண்டு, பாதி பதினாறு. மொத்தம் நாற்பது மைல். பதினாறால் வகுத்தால் இரண்டரை மணி நேரம்.

"காலையில ஆறு மணிக்குக் கெளம்பினா எட்டரைக்கு அங்க. பொழுது இருக்கிறப்பவே திரும்பிடலாம். இதுல சொன்ன சொல் தப்பிப் போச்சுன்னா இனிமே எந்தக் கல்யாணத்துலயும் தலையிட மாட்டேன்" என்று மாதம்மாளிடம் சத்தியம் செய்தார். முழு மனசோடு செய்தார்.

மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது என்பதால் மாதம்மாள், ராஜப்பன், கோவிந்தப்பன் மூவரோடு சாந்தம்மாவும் கிளம்பினாள். தை மாதக் குளிரில் நூருல்லா வண்டியை விரட்டினான். மாதம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து மரங்கள் பின்னால் ஓடுவதைப் பார்த்தபடி இருந்தாள். ஒவ்வொரு மைல் கல்லுக்கும் கோவிந்தப்பன் திரும்பி, "ரெண்டு நிமிசம்" என்றார். ஏழு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் ஓசூர் வந்துவிட்டது. மாதம்மாளின் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வந்தது.

ஓசூரில் மாப்பிள்ளை வீட்டு வண்டி காத்திருந்தது. மாடுகள் நல்ல மாடுகள். ஓட்டி வந்தவர் வயசானவர், கன்னடம்தான் பேசினார். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் மாதம்மாள் அவரிடம் ஊர் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். அவர், "ஹத்து மைலி" என்று பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

மாதம்மாள் கோவிந்தப்பன் பக்கம் திரும்பினாள். "பத்து மைலாமே?"

"ஆமாக்கா. அதச் சராசரியில சேத்தாச்சு."

"மாட்டுக்குச் சராசரி தெரியுமா?"

கோவிந்தப்பன் சிரித்தார். முதல் மைல் கல் வந்தபோது வழக்கம்போல் கடிகாரத்தைப் பார்த்தார். அரை மணி நேரம் ஆகியிருந்தது. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. இரண்டாவது கல்லுக்கும் அரை மணி. மூன்றாவது கல்லுக்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பஸ் தன் முப்பது மைலை ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு ஓசூரிலேயே நின்றுவிட்டது. அதன் வேகத்தில் ஒரு துளியைக்கூட அது மாட்டுக்கு இரவல் கொடுத்து அனுப்பவில்லை. பத்து மைலை இரண்டு இரண்டாகத்தான் தாண்ட வேண்டும், ஐந்து மணி நேரம். எட்டரைக்குச் சேர வேண்டிய ஊருக்கு உச்சி வெயிலில்தான் போய்ச் சேருவார்கள். தை மாதத்திலும் அவருக்கு நெற்றியில் வியர்த்தது.

வண்டியிலிருந்து குதித்து, பின்னால் கை வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

"என்னாத்துக்குத் தள்றீங்க?" என்றாள் சாந்தம்மா.

"சும்மா."

"சும்மாவா? கணக்குல ஓட்டையா?"

இனி மறைத்துப் பயனில்லை. கோவிந்தப்பன் வண்டியோடு நடந்தபடியே தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "அக்கா, தப்பு நடந்து போச்சு. ரெண்டு வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கினேன். அப்படிப் பண்ணக் கூடாது. அது அது ஓடின நேரத்தத் தனித்தனியா போட்டுத்தான் கூட்டணும்."

"வூட்டுக்கு எப்ப போய்ச் சேருவோம்?"

"அங்க போயி உக்காராமத் திரும்பினாலும், ஓசூர்ல பஸ்ஸுக்கு நின்னு வூடு போறதுக்குள்ள இருட்டிடும்."

மாதம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அறுத்துப் போட்டிருந்த கேழ்வரகுத் தாளைப் பார்த்தபடி, "அப்ப என் தம்பி மகன்தான்" என்றாள். அவ்வளவுதான். கோவிந்தப்பனுக்குக் காவேரியின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தன் விளையாட்டுக் கணக்கில் வைத்துக் கெடுத்துவிட்டோமே என்று நெஞ்சு பதறிற்று. சாந்தம்மா அவரைப் பார்த்த பார்வையில் கேலி துளியும் இல்லை.

காலையிலிருந்து வாய் திறக்காத ராஜப்பன் அப்போது பேசினார். "வந்தது வந்துட்டோம். வூட்டப் பாத்துட்டுப் போலாம். வரச்சொன்ன மனுசங்க காத்துக்கிட்டு இருப்பாங்க." மாதம்மாள் மறுக்கவில்லை.

உச்சிப் பொழுதில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஓட்டு வீடு, சுத்தமாக மெழுகியிருந்த வாசல். முனிவேலின் அம்மா நஞ்சம்மா, புகையில் சிவந்த கண்ணும் முந்தானையில் துடைத்த கையுமாக ஓடி வந்தாள். கனமான உடம்பு, உரத்த குரல், பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமான பேச்சு. "வாங்கக்கா, வாங்கண்ணா. ஊட்ட ரெடி. மொதல்ல சாப்புடலாம், பேச்சு அப்புறம்."

உள்ளே இலை போட்டிருந்தது. கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் வாசல்வரை மணத்தன. நாலு பேருக்கும் நல்ல பசி. ஆனால் சம்மதம் சொல்லாத வீட்டில் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் பெண்ணைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம், அப்புறம் பேச்சு மாற முடியாது. மாதம்மாள் கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தாள். "இருக்கட்டும்மா. நாங்க ஒடனே கெளம்பணும்" என்று பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கட்டுச்சோற்று மூட்டையைப் பார்த்ததுமே நஞ்சம்மாவுக்குப் புரிந்துவிட்டது. உரத்த குரல் கொஞ்சம் இறங்கியது.

பேச வேறு எதுவும் இல்லாததால் மாதம்மாள் கேட்டாள். "சமையலெல்லாம் நீங்களேவா? பெரிய மருமக இருக்கறதாச் சொன்னாங்களே."

"மாரம்மாவா? அவ மாலூர்ப் பக்கம், அவங்கம்மா வூட்டுக்குப் போயிருக்கா."

"ஒடம்பு சரியில்லீங்களா அவங்கம்மாவுக்கு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அம்மாவப் பாக்கணும் போல இருக்குதுன்னா. போயிட்டு வான்னேன்."

"இன்னிக்கு நாங்க வர்றது தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். அவ போறேன்னு சொன்னதுக்கப்புறம்தான உங்க சேதி வந்துச்சு. கெளம்பினவள நிறுத்தச் சொல்றீங்களா? களி கிண்ட எனக்குக் கை இல்லியா?" நஞ்சம்மா சிரித்தாள். "அவரைக்கா காய்க்க ஆரம்பிச்சதுலயிருந்து இது எத்தனாவது தடவன்னு கேக்காதீங்க, நான் எண்ணல. போனா பத்து நாளு இருப்பா. புள்ளைங்க இல்லாம வூடு நல்லாவே இல்ல எனக்கு, அது ஒண்ணுதான்."

மாதம்மாள் பாயில் ஒரு கோரையைப் பிடித்து நிமிண்டிக்கொண்டிருந்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் பேசத் தொடங்கினாள்.

"என்னைப் பன்னெண்டு மைலுக்குள்ள குடுத்தாங்க. எங்கம்மா பாத்துப் பாத்துக் குடுத்தாங்க. காவேரி பொறந்து தூக்கிக்கிட்டு வந்ததுக்கப்புறம் ரெண்டு வருசம் நான் எங்கம்மா வூட்டுக்குப் போவல. எரும கன்னு போட்டிருக்குது, அப்புறம் போன்னாங்க எங்க மாமியா. களையெடுப்பு முடியட்டும்னாங்க. விருந்தாளி வர்றாங்கன்னாங்க. வண்டியும் மாடும் வாசல்லதான் நின்னுச்சு. பன்னெண்டு மைலு தாண்ட எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு."

ராஜப்பன் தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் என்றது அவருடைய அம்மாவை. அந்த இரண்டு வருஷமும் அதே வீட்டில் அவரும்தான் இருந்தார்.

கோவிந்தப்பனால் சும்மா இருக்க முடியவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று அடக்கியும் மனசு அது பாட்டுக்கு ஓடிவிட்டது. பன்னிரண்டு மைல் என்றால் அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம் அடி. இரண்டு வருஷம் என்றால் எழுநூற்று முப்பது நாள். வகுத்தால் நாளொன்றுக்கு எண்பத்தேழு அடி. அந்த வீட்டை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அடுப்படியிலிருந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். வாழ்நாளில் முதல் தடவையாகப் போட்ட கணக்கை வெளியே சொல்லாமல் விழுங்கினார்.

"தூரம்தான் கெடுக்குதுன்னு நெனச்சிட்டேன்" என்றாள் மாதம்மாள். "கேக்க வேண்டியத விட்டுட்டு இத்தன நாளா மைலு கேட்டுட்டு இருந்திருக்கறேன்." நஞ்சம்மாவை நேராகப் பார்த்தாள். "எம் பொண்ணு அடிக்கடி கெளம்புவா. அவளுக்கு என்னை விட்டு இருக்க முடியாது. அனுப்புவீங்களா?"

"அவ அம்மா வூட்டுக்கு அவ போறா. நான் யாரு அனுப்பறதுக்கு?" என்றாள் நஞ்சம்மா. "போறப்ப ஒரு படி அவரைக்கொட்டை கட்டிக் குடுப்பேன். வேணாம்னு சொல்லக் கூடாது."

மாதம்மாள் சிரித்துவிட்டாள். அவள் வாய்விட்டுச் சிரித்து கோவிந்தப்பன் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கோவிந்தப்பா."

"அக்கா."

"நீ கல்யாணம் பண்ணி வைக்கறத வுடாத. கணக்கு போடறத மட்டும் வுடு."

"சரிக்கா" என்றார் அவர். அவரால் அது முடியாது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

மாதம்மாள் எழுந்து இலை போட்டிருந்த இடத்துக்கு வந்தாள். கை கழுவத் தண்ணீர் செம்பைத் தேடினாள். நஞ்சம்மா எடுத்துத் தர ஓடி வருவதற்குள் ராஜப்பன் எழுந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டார். கிருஷ்ணகிரிச் சீமையில் நாலு பேர் பார்க்கப் பெண்டாட்டியின் கைக்குத் தண்ணீர் ஊற்றுகிற புருஷனை அந்தக் காலத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மாதம்மாளுக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. "நீங்க எதுக்குங்க" என்றாள்.

"நீட்டு" என்றார் அவர். "அப்ப நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். சொல்லல."

மாதம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். ராஜப்பன் செம்பைச் சாய்த்து, அவள் கை நன்றாக நனைகிற வரைக்கும் மெதுவாக ஊற்றினார்.